இரண்டு அம்மாமார் உள்ள வீடு: படப்புத்தகச் சர்ச்சையை விளங்கிக்கொள்ளல்

லண்டனில் இருக்கும் அக்காவின் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தின் ஒரு பக்கம் கைபேசிக்கு வருகிறது. இரண்டு பெண்கள், நடுவில் ஒரு குழந்தை, மேசையில் சாப்பாடு. கூடவே ஒரு குரற்பதிவு: “பாருங்கோ, இங்க பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கினம் எண்டு.” கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வவுனியாவிலும் இப்படியான பதிவுகள் கைமாறுகின்றன. 2025 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய புத்தகங்கள் பற்றித் தீர்ப்பு வழங்கியபின், “அங்கே தடை செய்துவிட்டார்கள்” என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. அது சரியான செய்தியல்ல. அந்தப் புத்தகங்களுக்குள் என்ன இருக்கிறது, வழக்குகள் எதைப் பற்றியவை, வன்னியில் சிறு பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சொற்கள்

ஒரே பாலினப் பெற்றோர் என்றால், ஒரு பிள்ளையைச் சேர்ந்து வளர்க்கும் இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்கள். பிள்ளை அவர்களில் ஒருவர் பெற்றதாக இருக்கலாம், முந்திய திருமணத்தில் பிறந்ததாக இருக்கலாம், தத்தெடுத்ததாகவும் இருக்கலாம்.

தமிழ்ச் செய்திகளில் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் இன்னும் ஓடுகிறது. குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லிலேயே பிறக்கிறது. ‘சேர்க்கை’ என்றதும் வாசிப்பவரின் மனம் படுக்கையறைக்குப் போய்விடுகிறது; புத்தகமோ சமையலறையில் நிற்கிறது. ‘தன்பாலீர்ப்பு’ என்பது ஒருவரின் மனம் தன் பாலினத்தாரையே நாடுவதைச் சொல்லும் சொல். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021இல் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழ்நாட்டரசு மரியாதையான சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஊடகங்களில் இவ்வகைச் சொற்கள் பரவ அதுவும் ஒரு காரணம்.

படப்புத்தகம் என்பதற்கும் வரையறை உண்டு. இது ஏறத்தாழ 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கானது. வழமையாக 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும்போது 16 பக்கக் கட்டுகளாக வருவதால் அந்தக் கணக்கு. தலைப்பு, பதிப்பு விபரப் பக்கங்கள் போகக் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 விரிபக்கங்கள்தான் (விரிபக்கம்: புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்). சொற்கள் பெரும்பாலும் 1000க்குள். இந்த இடத்துக்குள் பாலியல் விளக்கம் எதற்கும் இடமும் இல்லை, தேவையும் இல்லை. பிள்ளை எழும்புகிறது, பல் தீட்டுகிறது, நாயோடு விளையாடுகிறது, யாரோ கதை சொல்லிப் படுக்க வைக்கிறார்கள். அந்த ‘யாரோ’ இரண்டு அப்பாமார் என்பதே முழுச் சர்ச்சையும்.

## நாற்பது ஆண்டுகளில் புத்தகம் மாறிய விதம்

1981இல் டென்மார்க்கில் சூசான் பொஷ எழுதிய ஒரு புத்தகம் வெளிவந்தது. ஐந்து வயதுச் சிறுமி தன் தகப்பனோடும் அவருடைய துணைவரோடும் வாழும் நாட்கள் அதில் ஒளிப்படங்களாக இருந்தன. 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. லண்டனில் ஆசிரியர்களுக்கான நிலையம் ஒன்றில் அதன் பிரதி இருப்பதாக 1986இல் பத்திரிகைகள் எழுதப்போய்ப் பெரும் கூச்சல் எழுந்தது. 1988இல் பிரித்தானியா கொண்டுவந்த 28ஆம் பிரிவுக்கு அந்தக் கூச்சலும் ஒரு காரணம். ஒரே பாலின உறவைப் ‘பாசாங்கான குடும்ப உறவு’ என்று வர்ணித்து, அதை ஏற்கத்தக்கதாகக் கற்பிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்று உள்ளூராட்சி மன்றங்களுக்கு அந்தச் சட்டம் சொன்னது. ஸ்கொட்லாந்து 2000இலும் இங்கிலாந்தும் வேல்சும் 2003இலும் அதை நீக்கின.

1989இல் அமெரிக்க எழுத்தாளர் லெஸ்லியா நியூமன் எழுதிய, ஹெதர் என்ற சிறுமிக்கு இரண்டு அம்மாமார் என்று தலைப்பிலேயே சொல்லும் புத்தகம் வந்தது. தெருவில் எதிர்ப்பட்ட ஒரு தாய், தன் மகளுக்குத் தங்கள் குடும்பத்தைக் காட்ட ஒரு புத்தகமும் இல்லை என்று சொன்னதுதான் அது எழுதப்பட்டதற்குக் காரணம். முதற்பதிப்பில் ஹெதரின் தாய் செயற்கை முறையில் கருத்தரித்தது பற்றி ஒரு பகுதி இருந்தது. பிந்திய பதிப்புகளில் அது எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்தபின்தான் கதை கதையாக நின்றது. முதற்பதிப்பு, கேள்வி கேட்கப்போகும் பெரியவரை நினைத்துத் தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிந்தியது பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறது. இந்த வகைப் புத்தகத்தைத் தெரிவுசெய்ய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடும் இதுதான்: யாரிடம் பேசுகிறது?

2005இல் வந்த பென்குயின் கதை உண்மைச் சம்பவம். நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிச்சாலையில் ரோய், சைலோ என்ற இரண்டு ஆண் பென்குயின்கள் சோடியாக இருந்து, முட்டை என்று நினைத்து ஒரு கல்லை அடைகாத்தன. பராமரிப்பாளர் வேறொரு சோடியின் முட்டையைக் கொடுத்தார். குஞ்சு பொரித்தது, அதற்குப் பெயர் டாங்கோ. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில், 2006 முதல் 2010 வரையான காலத்தில் அகற்றும்படி அதிகம் கோரப்பட்ட புத்தகங்களில் இது பலமுறை முதலிடம் பிடித்தது. பறவைகள் அடைகாப்பதைத் தவிர அதில் எதுவும் நடப்பதில்லை.

## எல்லாமே ‘தடை’ அல்ல

செய்தியில் ‘தடை’ என்ற ஒரே சொல் ஐந்து வேறுபட்ட நடவடிக்கைகளுக்குப் பயன்படுகிறது. பிரித்துப் பார்த்தால் தெளியும்.

1. நூலகத்திலிருந்து எடுத்தல். சிங்கப்பூர்த் தேசிய நூலகச் சபை 2014இல் மூன்று சிறுவர் நூல்களை அகற்றியது. ஒன்று அதற்குள் கூழாக்கப்பட்டுவிட்டது.

2. இடம் மாற்றுதல். எதிர்ப்பு எழுந்ததும் மற்ற இரண்டும் சிங்கப்பூரில் வளர்ந்தோர் பகுதிக்கு மாற்றப்பட்டன. அவற்றில் ஒன்று மேலே சொன்ன பென்குயின் கதை. புத்தகம் நூலகத்தில் இருக்கும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளை தேடும் தட்டில் இராது.

3. எச்சரிக்கை முத்திரை. லித்துவேனியாவில் ஒரே பாலினக் காதல் இடம்பெற்ற தேவதைக் கதைத் தொகுப்புக்கு, 14 வயதுக்குக் கீழானோருக்குத் தீங்காகலாம் என்று முத்திரை குத்தப்பட்டது. 2023 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பெரும் ஆயம் அது கருத்துச் சுதந்திர மீறல் என்று தீர்த்தது.

4. வகுப்பறை அனுமதி மறுத்தல். கனடாவில் வான்கூவருக்கு அருகிலுள்ள சரே என்ற இடத்துக் கல்விச்சபை, பாலர் வகுப்பில் இத்தகைய மூன்று புத்தகங்களுக்கு அனுமதி மறுத்தது. 2002 டிசம்பரில் கனடிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவு நியாயமற்றது என்றது.

5. பிள்ளையை விலக்கிக்கொள்ளல். 2025 ஜூன் 27 அமெரிக்கத் தீர்ப்பு இந்த வகை. மேரிலான்ட் மாநிலத்தின் மொன்ட்கொமரி மாவட்டப் பள்ளிகள் 2022இல் இவ்வகைப் புத்தகங்களைச் சேர்த்தன. விரும்பாத பெற்றோர் பிள்ளையை அந்த நேரம் வெளியே எடுக்கலாம் என்று முதலில் இருந்த ஏற்பாட்டை 2023இல் நிறுத்தின. இஸ்லாமிய, கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும் காலத்தில் முன்கூட்டியே அறிவித்து விலக அனுமதிக்க வேண்டும் என்று 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் சொன்னது. புத்தகங்களை அந்தத் தீர்ப்பு தடைசெய்யவில்லை.

நான்காவது வழக்கிலிருந்த புத்தகங்களில் ஒன்று, 1990இல் ரொறன்ரோவில் வெளிவந்த ஆஷா என்ற சிறுமியின் கதை. வகுப்புச் சுற்றுலாவுக்கான அனுமதிப் படிவத்தில் அவளுடைய இரண்டு அம்மாமாரும் ஒப்பமிடுகிறார்கள். இப்படி இருக்க முடியாது, சரியாக நிரப்பிக் கொண்டுவா என்று ஆசிரியை திருப்பி அனுப்புகிறார். தகப்பன் பெயருக்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் பாடசாலைப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், போர் தகப்பன்மாரைப் பறித்த வன்னியில் எத்தனை பேர்! ஆஷாவின் வீடு அவர்களுடைய வீட்டைப் போன்றதல்ல. ஆனால் அந்தக் கோடிட்ட இடம் ஒன்றுதான்.

## உறவினர் வாழும் நாடுகளில் சட்டம்

கனடா 2005இலும், நோர்வே 2009இலும், பிரான்ஸ் 2013இலும், இங்கிலாந்து 2014இலும், ஜேர்மனியும் அவுஸ்திரேலியாவும் 2017இலும், சுவிற்சர்லாந்து 2022இலும் ஒரே பாலினத் திருமணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வன்னியிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் படிக்கும் நாடுகள் ஏறத்தாழ இவையே. அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழிக்கு இரண்டு அம்மாமார் இருக்கலாம். பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு அழைப்பும் வரலாம். புத்தகம் அந்த வீட்டைத்தான் காட்டுகிறது.

இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் 2020 செப்டெம்பரிலிருந்து உறவுகள் பற்றிய பாடம் கட்டாயம். பாலியல் கல்வி வேறு பாடம். அதிலிருந்து பிள்ளையை விலக்கும்படி பெற்றோர் கேட்கலாம். உறவுகள் பாடத்திலிருந்து விலக்க முடியாது. குரற்பதிவுகளில் இந்த இரண்டும் எப்போதும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. 2020இல் நடைமுறைக்கு வந்த அரச வழிகாட்டி, குடும்ப வகைகளுக்கு உதாரணமாகத் தனித்த பெற்றோர், ஒரே பாலினப் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமையிலான குடும்பம், தத்தெடுத்த பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர் என்று அடுக்கியது. அம்மம்மா வளர்க்கும் பிள்ளையும் இரண்டு அப்பாமார் வளர்க்கும் பிள்ளையும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள்.

## இலங்கையில்

தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் எழுதியது. அதன் 365, 365அ பிரிவுகள் ஒரே பாலினத்தாரின் பாலுறவைக் குற்றமாக்குகின்றன. 1995இல் வந்த திருத்தம் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சம் பற்றிய ஐ.நா. குழு, இந்தச் சட்டத்தால் இலங்கை தன் கடப்பாட்டை மீறுகிறது என்று முடிவு தெரிவித்தது. இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கையின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை.

இதன் விளைவுகள் மூன்று. சேர்ந்து பிள்ளை வளர்க்கும் இரண்டு பெண்கள் சட்டத்தின் முன் சோடி இல்லை. இருவராகத் தத்தெடுக்க 1941ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் கட்டளைச்சட்டம் கணவன் மனைவிக்கே இடம் தருகிறது. ஆகவே பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு தாய் மட்டும். அவர் இறந்தால் மற்றவர் அந்தப் பிள்ளைக்கு அந்நியர். மூன்றாவது, புத்தகம் பற்றியது: 365ஆம் பிரிவுகள் செயல்களைத் தண்டிக்கின்றன, ஒரு குடும்பத்தைப் படமாகக் காட்டும் புத்தகத்தை வைத்திருப்பதையோ வாசிப்பதையோ அவை தொடுவதில்லை. ஆபாச வெளியீடுகளுக்கு 1927ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தனியே இருக்கிறது. உடுத்திக்கொண்டு மேசையில் சோறு தின்னும் குடும்பத்தை ஆபாசம் என்று வாதிடுவது கடினம். பாடசாலைக்குள் கொண்டுபோவது மட்டும் வேறு கதை: அங்கே அதிபரின் சம்மதமும் வலயக் கல்விப் பணிமனையின் நிலைப்பாடும் பொருட்படும். ஆசிரியை ஒருவர் தனியே பொறுப்பெடுத்துக்கொண்டு மாட்டுப்படக்கூடாது.

## பிள்ளைக்குக் கேடா?

அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கல்விக்கழகம் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் நிலைப்பாட்டை வெளியிட்டது. பிள்ளையின் நலத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் பாலினமோ ஈர்ப்போ அல்ல. வீட்டிலுள்ள உறவுகளின் உறுதியும், பெற்றோரின் பொறுப்பும், குடும்பத்துக்குக் கிடைக்கும் சமூக, பொருளாதார ஆதரவுமே என்பது அதன் சாரம். வாசித்தால் பிள்ளை ‘அப்படி ஆகிவிடும்’ என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. தன்பாலீர்ப்புக் கொண்ட பெரும்பாலானோர் அப்பா, அம்மா, தம்பி, தங்கை என்று மட்டும் காட்டிய பாடப்புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்கள்தான்.

றுடீன் சிம்ஸ் பிஷொப் என்ற கல்வியாளர் 1990இல் சொன்ன ஒப்புமை இங்கே உதவும்: பிள்ளைக்குப் புத்தகம் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், மற்றவர் வீட்டைப் பார்க்கும் யன்னலாகவும் இருக்க வேண்டும். வன்னிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியே குறைவு. ‘என் குடும்பம்’ என்று படம் கீறச் சொன்னால் கரும்பலகையில் அப்பா, அம்மா, அண்ணா, தங்கை. கீழே இருக்கும் பிள்ளைகளில் ஒருவருக்குத் தகப்பன் 2009இல் போரோடு போய்விட்டார், இன்னொருவருக்குத் தாய் குவைத்தில், ஒருவர் அம்மம்மாவோடு, ஒருவர் சிறுவர் இல்லத்தில். பிரதேச செயலகத்தில் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று தனிப் பதிவே வைக்குமளவுக்கு இருக்கும் வீடுகள், பிள்ளையின் புத்தகத்தில் மட்டும் இல்லை.

## தமிழாக்கும்போது எங்கே பிழைக்கிறது

இவ்வகைப் புத்தகத்தைத் தமிழில் சொல்ல முயல்பவர் விழும் குழிகள் குறிப்பானவை.

மாமா. ஹெதர் தன் அம்மாமாரை ஆங்கிலத்தில் ‘மாமா ஜேன்’, ‘மாமா கேற்’ என்று அழைக்கிறாள். அப்படியே எழுதினால் தமிழ்ப் பிள்ளைக்கு அது தாயின் சகோதரன். கதை முதல் வரியிலேயே கவிழ்ந்துவிடும்.

சின்னம்மா. அடுத்த இலகு வழி, ஒருவரை அம்மா என்றும் மற்றவரைச் சின்னம்மா அல்லது பெரியம்மா என்றும் எழுதுவது. உடனே அவர்கள் அக்காவும் தங்கையும் ஆகிவிடுகிறார்கள். யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஏனென்றால் அது இப்போது வேறு கதை. நம்மிடம் ஆசையம்மா, குஞ்சம்மா என்ற அழகான விளிகளும் உண்டு. அவையும் தாயின் வழிச் சகோதரிகளைக் குறித்துப் பழகியவை என்பதால் இதே ஆபத்துத்தான். பாதுகாப்பான வழி, பெயரோடு சேர்ப்பது: ‘ராணி அம்மா’, ‘மலர் அம்மா’. இரண்டுக்கும் ஒரே எடை.

அவர். ‘அவர் சோறு தீத்தினார்’ என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. தமிழின் மரியாதை, பாலினத்தை மூடிவிடுகிறது. படத்தில் முகம் தெளிவில்லாவிட்டால், கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தனக்குப் பழகிய அப்பாவை அங்கே வைத்துவிடும். இரண்டு விரிபக்கத்துக்கு ஒருமுறையாவது பெயர் வர வேண்டும்.

ஆனாலும். ‘அவளுக்கு அப்பா இல்லை, ஆனாலும் சந்தோசமாக இருக்கிறாள்.’ இந்த ‘ஆனாலும்’ அத்தனையையும் கெடுக்கும். இருக்கக் கூடாத சந்தோசம் இருக்கிறது என்றல்லவா அது சொல்கிறது? ‘அவளுக்கு இரண்டு அம்மாமார். மூன்று பேரும் குளக்கட்டில் நடக்கிறார்கள்’ என்றால் போதும்.

வீடும் பிழைக்கும். கணப்படுப்பும் கம்பளமும் வரைந்த படத்தைக் காட்டினால், இப்படியான குடும்பம் வெளிநாட்டில்தான் இருக்கும் என்றே பிள்ளை படிக்கும். ஓலை வேலி, கிணறு, சைக்கிள், சுவரில் மாலை போட்ட ஒரு படம்: இவை இருந்தால்தான் அது பக்கத்து வீடு.

## முன்பள்ளியில் செய்யக்கூடியது

வெளிநாட்டுப் புத்தகத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ‘எங்கள் ஊர் வீடுகள்’ என்று கையால் ஒன்று செய்யலாம். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 32 பக்கம். மடிப்பில் மூன்று துளை இட்டு, தடித்த நூலால் நடுத்துளையிலிருந்து தொடங்கித் தைத்து, அங்கேயே முடிச்சுப் போட வேண்டும். கம்பி அடித்தால் மாரியில் துருப்பிடிக்கும். பிள்ளையின் விரலிலும் கீறும். ஒரு விரிபக்கத்துக்கு ஒரு வீடு, இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

வரிசை முக்கியம். அப்பா அம்மா உள்ள வீட்டை முதலில் வைத்து மற்றவற்றைப் பின்னால் அடுக்கினால், முதலாவதே சரியான வீடு என்று ஆகிவிடும். அம்மம்மா வீட்டிலிருந்து தொடங்கலாம். இரண்டு அம்மாமார் உள்ள வீட்டைச் சேர்ப்பதென்றால் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அது காட்சிப்பொருள். பெற்றோர் கூட்டத்தில் புத்தகத்தை முழுமையாகக் காட்டிவிட்டே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னால் ஒரு பக்கத்தின் படம் மட்டும் கைபேசியில் சுற்றும் நிலை வரக்கூடாது. அதிபரும் பெற்றோரும் இன்னும் ஆயத்தமில்லை என்றால், அந்த ஒரு வீட்டை இப்போதைக்கு விட்டு மற்ற வீடுகளோடு தொடங்குவதும் வேலைதான்.

வாசிக்கும்போது பிள்ளை கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில். “அப்பா எங்க?” என்றால், “இந்த வீட்டில அப்பா இல்லை, அம்மா ரெண்டு பேர்.” அதற்குமேல் பெரும்பாலான நாலு வயதுப் பிள்ளைகள் கேட்பதில்லை, பூனையைப் பற்றிக் கேட்பார்கள்.

கடினமான கேள்வி வேறு பக்கத்தால் வரும். “எங்கட வீட்டிலயும் அப்பா இல்லை டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்தத் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவராக இருந்தால், “செத்திட்டார்” என்றோ “வருவார்” என்றோ ஆசிரியை சொல்லிவிடக் கூடாது. இரண்டும் அந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளைக்கு வீட்டில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத் தாயிடமோ அம்மம்மாவிடமோ முன்பே கேட்டு வைத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில், “உங்கட வீட்டில ஆர் ஆர் இருக்கினம், சொல்லுங்கோ” என்பது போதும்.

கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள், பிள்ளைகள் தங்கள் வீட்டைக் கீறுவதற்கு. கீறிய படத்தில் எத்தனை பேர் என்பதை ஆசிரியை திருத்தக்கூடாது. பிள்ளை சொல்லச் சொல்ல, அழைக்கும் முறையிலேயே ஒவ்வொரு உருவத்தின் கீழும் பெயரை எழுதிவிட வேண்டும்.